அணில் முடியும் சாண்டல் பவுடரும்

ஹிரோஷிமாவின் ஹட்சோபோரியில் உள்ள ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் தரைத்தளத்தில், அழகுசாதனப் பிரிவில் நின்றிருந்த இளம்பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். ஓக்கர் 10, ஓக்கர் 20, ஓக்கர் 30 என்று மூன்று முகப்பவுடர்களை என் முன்னால் வரிசையாக வைத்து, அவற்றுள் மிக அடர்ந்ததான மூன்றாவதைத் தாடையோரம் மெல்லத் தடவிய பின், நாங்கள் இருவரும் கண்ணாடியில் ஒரே நேரத்தில் அதைக் கண்டோம்: திருநீறு பூசி அரைகுறையாகத் துடைத்ததுபோல் ஒரு சாம்பல் பட்டை. அவள் அதை ஈரப் பஞ்சால் துடைத்தெடுத்து, இரு கைகளையும் முன்னால் சேர்த்து, என் நிறத்துக்கு ஏற்றது தங்களிடம் இல்லாமைக்காக இடுப்பு வரை வளைந்து வருந்தினாள். கேட்ட பொருள் கிடைக்காமல் திரும்புவது எனக்குப் பழகிவிட்டது. அந்த வளைவின் ஆழம்தான் தைத்தது. கேட்ட அளவில் செருப்பு இல்லையென்றால் இங்கே இவ்வளவு தாழக் குனிவதில்லை.

நிறம் பொருந்தவில்லை என்பதற்காகப் பாளையங்கோட்டையில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. சாயங்காலம் முகம் கழுவி, பாண்ட்ஸ் டப்பாவை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, கைகளைத் தேய்த்து முகத்தில் அப்பிக்கொண்டு, மிச்சத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தால், விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது என்று தெருவுக்கே தெரியும். கோகுல் சாண்டல் நல்ல நாள்களுக்கானது. புருவத்தில் வெள்ளை ஒட்டியிருந்தால் சித்தி முந்தானையால் துடைத்துவிடுவாள். அதற்குமேல் திருத்தம் கிடையாது. எங்கள் வீட்டுத் திருமண ஆல்பங்களில் மணப்பெண்ணின் முகம் ஒரு குடும்பத்தையும் கழுத்து வேறொரு குடும்பத்தையும் சேர்ந்தவையாகத்தான் இருக்கும். பவுடர் நம் தோலின் நிறத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணமே அங்கு எழவில்லை, ஏனெனில் பூசியது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அதைப் பூசினோம். இங்கே பூசியதே தெரியக் கூடாது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. புரிந்த பிறகுதான் மனக்குறையே தொடங்கியது.

ஜப்பானியப் பெண்களும் ஒரு காலத்தில் பூசியது தெரியும்படிதான் பூசினார்கள். நூற்றாண்டுகளாக முகப்பவுடர் என்றால் இங்கே வெள்ளைதான். அதில் ஈயமும் கலந்திருந்தது. 1887 இல் பேரரசர் முன்னிலையில் ஆடிய, கபுகி என்ற மரபு நாடகத்தின் நடிகர் ஒருவரின் கால் நடுங்கியதும், அது அவர் பூசிவந்த ஈய வெள்ளையின் விளைவு என்று தெரியவந்ததும் இங்கே பலருக்கும் தெரிந்த கதை. பின்னர் 1917 இல் ஷிசெய்டோ நிறுவனம் ஏழு நிறங்களில் தூள் பவுடரை வெளியிட்டது; வெள்ளையோடு மஞ்சள், ரோஜா ஆகியவற்றுடன் பச்சையும் ஊதாவும்கூட அவற்றுள் இருந்தன. முகத்துக்குப் பச்சை நிறத்தில் பவுடர் வேண்டியிருக்கும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்த நாடு இது. மாநிறத்தின் முறை எப்போது வரும் என்று எல்லாக் கடைகளிலும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறேன்.

அந்த முறை வருவதற்குள் பருவங்கள் வந்து போய்விடுகின்றன. புத்தாண்டு முடிந்து பனி உருகும் முன்பே கடைகளில் செர்ரிப்பூ நிறத்துக் கன்னப் பூச்சுகள் பூத்துவிடும். ஜூன் மாத மழைக்காலத்துக்கு முன் வியர்வைக்கு ஈடுகொடுக்கும் பவுடர்களும், எஸ்பிஎஃப் 50+, பிஏ++++ என்று கூட்டல் குறிகள் அடுக்கிய வெயில் காப்புக் களிம்புகளும் வரும். மேப்பிள் இலை சிவக்கும் முன் பழுப்பு நிறங்கள் இறங்கும். ஆண்டில் அந்த ஒரு பருவத்தில்தான் கடைத் தட்டுகளில் என் நிறம் தென்படும், அதுவும் கண்ணிமைக்குப் பூசுவதற்காக. அதற்குள் கிறிஸ்துமஸ் பெட்டிகளுக்கு முன்பதிவு தொடங்கிவிடும். என் அலுவலகத் தோழி ஒருத்தி, கனேபோ நிறுவனம் 1991 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டுவரும் மிலானோ கலெக்ஷன் பவுடரைத் தவறாமல் வாங்குபவள். அழுத்திய பவுடரின் மேல் ஒரு தேவதையின் உருவம் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். அந்த முகத்தைத் தேய்த்து அழிக்க மனம் வராமல், திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறாள்.

இந்தப் பஞ்சாங்கம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டதால், இந்த ஊரில் வேரூன்றிவிட்டேன் என்றே எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஆனால் ஜூன் ஈரத்தில், முகத்து எண்ணெய் படிந்த அழுத்திய பவுடர் மேலே இறுகி, தூரிகைக்கு ஒட்ட மறுக்கும்போதெல்லாம், கை தன்னையறியாமல் ஊக்கைத் தேடுகிறது. டப்பாவின் துளைகள் அடைத்துக்கொண்டால் அம்மா தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி ஒவ்வொன்றாகக் குத்தித் திறப்பாள். அப்போது கிளம்பும் மணம் அடுப்படி வரை போகும்.

முகப்பவுடரில் தோற்றுப்போன நான் கடைசியில் வாங்கியது தூரிகையைத்தான். அதற்கு நிற எண் கிடையாது. யார் முகத்தையும் அது விசாரிப்பதில்லை. ஹிரோஷிமா நகருக்குக் கிழக்கே, மலைகள் சூழ்ந்த, ரயில் நிலையம் இல்லாத குமானோ என்ற சிற்றூரில் செய்தது. ஜப்பானில் உருவாகும் தூரிகைகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு அந்த ஓர் ஊரிலிருந்துதான் வருகிறது. எடோ காலத்தின் (1603–1868) இறுதியில், வயலில் வேலையில்லாத மாதங்களில் கிஷூ, யொஷினோ பகுதிகளுக்குப் பிழைக்கப் போன குமானோ விவசாயிகள், திரும்பும் வழியில் நாராவில் தூரிகையும் மையும் வாங்கி விற்றுக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள். பிறகு அவற்றைச் செய்யவே கற்றுக்கொண்டார்கள். 2011 இல் மகளிர் கால்பந்து உலகக் கோப்பையை வென்ற ஜப்பான் அணியினருக்கு அரசு விருதுடன் குமானோவின் ஒப்பனைத் தூரிகைகளைத்தான் பரிசாகக் கொடுத்தது. பிழைக்கப் போனவர்கள் வழியில் தேடிக்கொண்ட தொழில் என்பதாலோ என்னவோ, அந்த ஊரின்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

நான் வாங்கியது சாம்பல் அணிலின் முடியால் ஆனது. குமானோ முறையில் முடியின் நுனியை வெட்டிச் சமன்படுத்துவதில்லை. இயற்கையான நுனியை அப்படியே விட்டு, மரத்தாலான சிறு அச்சில் முடிகளை இட்டுத் தட்டித் தட்டி வளைவை உண்டாக்குகிறார்கள். கன்னத்தில் பட்டால், பட்டதா என்று ஐயம் எழும் அளவுக்கு மென்மை. அதைக் கொண்டு பூசும்போது ஓக்கர் 30 கூடக் கொஞ்சம் அடங்கிப் படிகிறது.

செப்டம்பரில் அம்மா மூன்று மாத விசாவில் வந்தாள். வந்த மறுநாளே தூரிகையைக் கையிலெடுத்து இது எதன் முடி என்று விசாரித்தாள். சொன்னேன். “ஏட்டி, ராமர் தடவிக் குடுத்த அணிலையா முகத்துல தேய்க்கிற?” என்றாள். முதுகில் வரியில்லாத குளிர்நாட்டு அணில் இது, சேதுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நான் வாதாடியது எடுபடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அதன்மேல் அவளுக்கு ஒரு தனி அக்கறை பிறந்துவிட்டது. நான் அலுவலகத்திலிருந்து திரும்பிய ஒரு மாலையில், தூரிகை பால்கனிக் கம்பியோரம் ஒரு டம்ளரில் தலைநிமிர்ந்து நின்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த சீயக்காயைப் போட்டு அலசியிருக்கிறாள். முடிதானே என்பது அவள் கட்சி. அதில் தவறு காண எனக்கு வழியில்லை.

அணில் முடியை அடிக்கடி கழுவவே கூடாது. பயன்படுத்திய பின் மெல்லிய தாளில் அல்லது பருத்தித் துணியில் லேசாகத் துடைத்து, ஒட்டியிருக்கும் பவுடரை உதறிவிட்டாலே போதும். அழுக்கு மிஞ்சினால் மட்டும் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைசலைக் கலந்து, பூணுக்குள் நீர் ஏறாதபடி முடியைக் கீழ்நோக்கிப் பிடித்து அலசி, துண்டில் ஒற்றி, விரலால் வடிவம் கொடுத்து, நிழலில் படுக்கவைத்தோ தலைகீழாகத் தொங்கவிட்டோ உலர்த்த வேண்டும். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் நீர் உள்ளே இறங்கிப் பசையையும் மரக் கைப்பிடியையும் கெடுத்துவிடும். பவுடரும் எண்ணெயும் படிந்தபடியே மூடி வைத்தால் பூச்சி அரிக்கும். இவையனைத்தையும் கேட்டுக்கொண்ட அம்மா, “பச்சப்புள்ளையக்கூட இப்படிப் பாக்கலியே” என்றாள். தூரிகையில் சில நாள்கள் சீயக்காய் மணம் இருந்தது. அந்த மணம் போகும்வரை நான் அதைத் துடைக்காமலே பயன்படுத்தினேன்.

இலையுதிர்கால சமஇரவு நாளில் குமானோவில் தூரிகைத் திருவிழா நடக்கும். அம்மாவைப் பேருந்தில் அழைத்துப் போனேன். சகாகியாமா கோயிலுக்குப் போகும் வழியெங்கும் ஆயிரக்கணக்கான தூரிகைகள் தலைக்கு மேலே கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. ஆண்டு முழுக்க உழைத்துத் தேய்ந்த தூரிகைகளைக் குவித்து, நன்றி சொல்லித் தீயில் இடும் சடங்கை அம்மா கும்பிட்டபடி பார்த்தாள். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தூரிகை அருங்காட்சியகத்தில், எழுத்துத் தூரிகைக்கான முடியில் நெல் உமிச் சாம்பலைத் தூவி, சூடு காட்டி, மான்தோலில் சுற்றித் தேய்த்து எண்ணெய்ப் பசையை எடுக்கும் முறையைக் கண்டபோதுதான் அவள் முகம் உண்மையில் மலர்ந்தது. உமிச் சாம்பலின் அருமை தெரிந்தவர்கள் நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள் என்று திரும்பும் வழியில் தீர்ப்பும் வழங்கிவிட்டாள்.

அதன் விளைவு சரஸ்வதி பூஜையில் தெரிந்தது. புத்தகங்களோடும் என் மடிக்கணினியோடும் தூரிகையும் சந்தனக் குங்குமப் பொட்டுடன் பூஜையில் ஏறிவிட்டது. பொட்டைக் கைப்பிடியில் வைத்தாள், முடியில் வைக்கவில்லை, பாடம் நினைவிருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பதால், அன்று மாலை தோழி வீட்டு விருந்துக்கு வெறும் முகத்தோடு போனேன்.

விஜயதசமி அன்று காலையில் தூரிகையை எடுத்து என்னிடம் நீட்டி, இன்றைக்குத் தொடங்கினால் எதுவும் நன்றாக வரும், எனக்கு இதைக் கற்றுக்கொடு என்று எதிரே உட்கார்ந்துவிட்டாள். அவள் நிறமும் என் நிறம்தான். ஓக்கர் 30 அவளுக்கும் உதவாது. அவளுடைய பெட்டியிலிருந்த கோகுல் சாண்டலைத் தட்டில் கொட்டி, அணில் முடியில் தோய்த்து, அதிகப்படியை உதறிவிட்டு, நெற்றியிலிருந்து தொடங்கினேன். கூசுகிறது என்று நெளிந்தாள். முடித்ததும் கண்ணாடியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவள், “கழுத்துக்கும் போடுட்டி, இல்லாட்டிக் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும்” என்றாள்.