மக்காச்சோளத்துக்கு யூரியா எவ்வளவு: சோதித்துப் பார்த்து இடும் முறை

விதைப்புக்கு முன் ஒருமுறை எடுக்கும் மண் பரிசோதனை மணிச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் போதும். தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, அது போதாது. மண்ணில் தழைச்சத்து இருக்கும் வடிவமான நைட்ரேட் மழையோடு கீழே இறங்கிவிடும். மண் சூடேறும்போது மக்கிய பொருளிலிருந்து புதிதாக உருவாகவும் செய்யும். அதனால் நாங்கள் நம்புவது, பயிர் ஓரடி வளர்ந்ததும் மேலுரத்துக்குச் சற்று முன் எடுக்கும் நைட்ரேட் சோதனையைத்தான்.

ஒரே மாதிரி மண்ணும் ஒரே உர முறையும் உள்ள பகுதிக்கு ஒரு மாதிரி. 15 முதல் 20 இடங்களில், 30 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலக்க வேண்டும். அடியுரத்தை வரிசையோரம் இட்டிருந்தால் எல்லாக் குழியையும் வரிசைக்கு ஒரே தூரத்தில் போடக் கூடாது. உரம் விழுந்த இடம் ஒன்றிரண்டு கூடுதலாகச் சேர்ந்தாலே எண் கெட்டுவிடும்.

சொதப்பல் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். ஈர மண்ணைப் பையில் கட்டி வெயிலில் வைத்தால் நுண்ணுயிரிகள் சும்மா இருப்பதில்லை, நைட்ரேட் மாறிக்கொண்டே இருக்கும். அன்றே காகிதத்தில் மெல்லிசாகப் பரப்பி மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். இல்லையென்றால் ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள்.

அறிக்கையில் முதலில் அலகைப் பாருங்கள். வெறும் நைட்ரேட் என்றிருந்தால் 4.43ஆல் வகுத்தால்தான் நைட்ரேட்-நைட்ரஜன், அதாவது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் மட்டும். அது 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) இருந்தால் பொதுவாக மேலுரம் வேண்டாம். குறையும் ஒவ்வொரு பிபிஎம்முக்கும் எக்டேருக்குச் சுமார் 9 கிலோ தழைச்சத்து என்பது புழக்கத்தில் உள்ள ஒரு கணக்கு. 14 வந்தால் குறை 11, அதாவது 99 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46% என்பதால் 215 கிலோ யூரியா. தொழு உரம் நிறைய இட்ட நிலத்தில்தான் இந்தச் சோதனை நன்றாகக் கைகொடுக்கும். மணல் நிலத்தில், மண் எடுத்த பிறகு கனமழை கொட்டினால் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

இலையின் பச்சையத்தை அளக்கும் குளோரோபில் மீட்டரையும் பயன்படுத்தலாம், ஆனால் அது ரகத்துக்கு ரகம் வேறு எண் காட்டும். எனவே வயலில் ஒரு பட்டை நிலத்துக்குத் தாராளமாகத் தழைச்சத்து இட்டு வையுங்கள். மற்ற இடத்து அளவு அதில் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் உரம். முழுதாக விரிந்த மேல் இலையில், நடுநரம்பைத் தவிர்த்து, 30 செடிகளிலாவது பார்க்க வேண்டும். மஞ்சளாவது இளம் இலையில் தொடங்கினால் கந்தகக் குறையைச் சந்தேகியுங்கள். தழைச்சத்துக் குறை அடி இலை நுனியில்தான் தொடங்கி நடுநரம்பு வழியே உள்ளே போகும்.

அடுத்த பருவத்துக்கான விடை தண்டில் இருக்கிறது. மணி முதிர்ந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள், தரையிலிருந்து 15 செ.மீ.க்கும் 35 செ.மீ.க்கும் இடைப்பட்ட துண்டை 15 தண்டுகளில் வெட்டிச் சோதனைக்கு அனுப்புங்கள். நைட்ரேட்-நைட்ரஜன் 2000 பிபிஎம்மைத் தாண்டினால் உரம் அதிகம். ஆனால் வறட்சியில் வளர்ந்த பயிரிலும் இந்த எண் ஏறும். அந்த ஆண்டு அறிக்கையை வைத்து அளவைக் குறைக்காதீர்கள்.