பாட்டு எந்த இடத்தில் பயந்துபோகிறது

1993-ல் வந்த 'திருடா திருடா' கேசட்டில் 'ராசாத்தி' என்றொரு பாட்டு. சாகுல் ஹமீது பாடியது. அதில் வாத்தியமே கிடையாது. பின்னால் ஒரு குழு முனகிக்கொண்டே வரும். சுருதி, பேஸ், தாளம் எல்லாவற்றையும் அந்தக் குரல்களே பார்த்துக்கொள்ளும். ஏ.ஆர். ரஹ்மானின் முதல் படமான 'ரோஜா' வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 'திருடா திருடா' மணிரத்னத்தின் பெரிய செலவுப் படம். அப்படிப்பட்ட படத்தில் வெறுங்குரலை நம்பி ஒரு முழுப் பாட்டை விட்டிருக்கிறார்கள். இன்று சினிமாப் பாட்டு அப்படித் துணியப் பயப்படுகிறது.

அதைத் துணிச்சல் என்று சொல்வது சரிதான். ஆனால் அந்தத் துணிச்சலுக்கு இடம் கொடுத்தது கேசட் என்ற பண்டம். கேசட் வாங்குகிறவர் எல்லாப் பாட்டுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தார். 'வீரபாண்டிக் கோட்டையிலே' பாட்டுக்காக வாங்கினாலும் அதே நாடாவில் 'ராசாத்தி'யும் ஓடும். ஓட்டித் தள்ளினால் பேட்டரி தீரும், சில சமயம் நாடா சிக்கும், பென்சிலை விட்டுச் சுற்றி எடுக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டே மூன்றாவது தடவை கேட்பார்கள். நான்காவது தடவை பிடித்துப்போகும். காது பழகுவதற்கு அந்த அவகாசம் தேவை. இரண்டு உறுதியான பாட்டு, இரண்டு விஷப்பரீட்சையைச் சுமந்துகொண்டு போய்க் கடையில் விற்றது.

இப்போது ஒவ்வொரு பாட்டுக்கும் தனி எண் விழுகிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் அது ஒரு தடவையாகக் கணக்கில் வரும். அதற்கு மேல் பாட்டு இரண்டரை நிமிடம் ஓடினாலும் ஐந்து நிமிடம் ஓடினாலும் கணக்கு ஒன்றுதான். இந்த ஒரு விதியிலிருந்தே வடிவம் மாறிவிடுகிறது. முகப்பு இசைக்கு ஆகும் 40 விநாடியை முதலில் வெட்டுகிறார்கள், குரல் சீக்கிரம் வர வேண்டும் என்று. அடுத்து இரண்டாவது சரணம் போகிறது. அதோடு இரண்டாவது இடையிசையும் போகிறது. இந்த இரண்டாவது பாதிதான் நம் சினிமாப் பாட்டில் இசையமைப்பாளர்கள் விளையாடிய மைதானம். 'ராக்கம்மா கையத் தட்டு' 1991-ல் வந்தது. ஆட்டமும் பாட்டமுமாகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் அப்பரின் 'குனித்த புருவமும்' தேவாரம் வந்து நிற்கும். வேகம், சூழல், குரல் எல்லாம் மாறிவிடும்; பிறகு மறுபடி கொட்டுக்குத் திரும்பும். இந்தத் திருப்பத்தை 15 விநாடி ரீல்ஸ் துண்டில் காட்ட முடியாது. முதலில் போனதைக் கேட்டிருந்தால்தான் அது திருப்பமாகவே தெரியும்.

ஆனால் பாட்டு கேட்பவரிடம் போய்ச் சேரும் முன்பே பாதி பயந்துபோயிருக்கும். பின்னணி இசையில் அந்தப் பயம் ஆரம்பிக்கும் இடம் எடிட்டிங் மேஜை. எடிட்டருக்கு வெட்டுவதற்கு ஏதாவது இசை வேண்டும். இன்னொரு படத்தின் இசையை எடுத்து அடியில் போடுவார். டெம்ப் அல்லது ரெஃபரன்ஸ் என்பது அதைத்தான். வைத்தது தற்காலிகமாகத்தான், ஆனால் இயக்குநர் அந்தக் காட்சியை அந்த இசையோடு நூறு தடவை பார்த்துவிடுகிறார். இசையமைப்பாளர் வரும்போது கேட்பது, "இதே ஃபீல் வேணும் சார், ஆனா இது மாதிரி தெரியக் கூடாது."

சுவைதான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் கணக்கில் இருக்கிறது. டெம்ப் 96 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 96 அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு அடி கொண்ட ஒரு சுற்று சரியாக 2.5 விநாடி. எடிட்டர் வெட்டுகளையெல்லாம் அந்த 2.5-ன் மேல்தான் வைத்திருப்பார். இப்போது அதே வேகத்தில் ஐந்தடிச் சுற்று எழுதலாம் என்று இசையமைப்பாளருக்குத் தோன்றினால் சுற்று 3.125 விநாடியாகிவிடும். நாலு சுற்றுக்குள் வெட்டு இரண்டரை விநாடி விலகி நிற்கும். மறுபடி வெட்ட யாருக்கும் நேரமில்லை. ஆக நாலடி, அதே வேகம், அதே இடத்தில் அதிர்வு. எழுத உட்காரும் முன்பே மூன்று முடிவுகளை வேறொருவரின் இசை எடுத்துவிட்டது.

மென்பொருளும் அந்தப் பக்கமே சாய்கிறது. இசையமைக்கும் மென்பொருள்களான லாஜிக், கியூபேஸ், ஏபிள்டன் எதைத் திறந்தாலும் 120 பிபிஎம், 4/4 (நாலடிச் சுற்று) என்றுதான் புதுக் கோப்பு வரும். மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் விலைக்குக் கிடைக்கும் லூப்களில், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் தயார் இசைத் துண்டுகளில், பெரும்பங்கு நாலடிக்குச் செய்தவை. மிஸ்ர சாப்பில் ஏழு எண்ண ஆரம்பித்தால் அந்த நூலகம் மொத்தமும் உதவாது. மிருதங்கமோ தவிலோ வாசிக்க ஆளைக் கூப்பிட வேண்டும். லூப்பில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அது யாருக்கும் தனி உரிமையில்லாமல் விற்கப்படுவது. அதே லூப்பைத் தூக்கலாக வைத்து இரண்டு பேர் பாட்டு போட்டால், உரிமையுள்ள இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடியில் முதலில் பதிந்தவர் பெயரில் மற்றவர் பாட்டுக்கு உரிமைக்கோரல் வந்து விழும். இரண்டு பேருமே காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்.

ஆளைக் கூப்பிடுவது என்றதும் பேக்கேஜ் பற்றிப் பேசியாக வேண்டும். இதைப் பற்றி வெளியில் அதிகம் பேசுவதில்லை. படத்துக்கு இசை என்று மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுவார்கள். வாத்தியக்காரர் சம்பளம், ஸ்டுடியோ வாடகை, பாடகர், மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் அதற்குள். மிஞ்சுவது இசையமைப்பாளருக்கு. அப்படியென்றால் ஒவ்வொரு வயலினும் அவர் சட்டைப்பையிலிருந்து போகிறது. 24 வயலின் வேண்டிய இடத்தில் எட்டுப் பேரை வைத்து மூன்று தடவை வாசிக்கவிட்டு அடுக்குவது வழக்கமான சமாளிப்பு. எட்டுப் பேரையும் ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றி உட்காரவைத்து, மைக்கிலிருந்து தூரத்தையும் மாற்றினால் ஓரளவு நன்றாகவே வரும். மாற்றாமல் அடுக்கினால் அதே எட்டு அதிர்வும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ஒலி பெருகுவதற்குப் பதில் தட்டையாகிறது. அதற்கும் வழியில்லாதபோது சாம்பிள் நூலகம், அதாவது முன்பே பதிவுசெய்து விற்கும் வாத்திய ஒலிகள். அதில் நீண்ட ஸ்வரங்கள் அழகாக இருக்கும், ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் ஜாரு இழுக்காது. ஆகவே ஜாரு இல்லாத மெட்டாகவே யோசிக்கப் பழகுகிறார்கள். இதுதான் எனக்கு மிகவும் வலிப்பது: கருவியில் வராதது கற்பனையிலும் வராமல் போகிறது.

குரலிலும் இதேதான். சுருதி விலகலைத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருள் 1997-ல் வந்தது. அதில் ரீடியூன் ஸ்பீட் என்று ஒரு திருகு. பூஜ்யத்தில் வைத்தால் ஸ்வரம் உடனே பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் ஒன்றோடு ஒட்டிக்கொள்ளும்; எண் கூடக் கூட மெதுவாகத் திருத்தும். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமே அல்ல. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடும் அந்த ஆட்டத்துக்குத்தான் காந்தாரம் என்று பெயர். இதை வேகமான அளவில் விட்டால் ஊசலாட்டம் படிக்கட்டாகிவிடும், ரி-க-ம என்று மூன்று தட்டு. பாடகர் அபஸ்வரமாகப் பாடியதுபோலக் கேட்கும். அடுத்த தடவை அவரே கமகத்தை, அந்த அசைவை, குறைத்துப் பாடிவிடுவார், "பிளெயினா பாடிட்டேன் சார், டியூன் பண்ண ஈசியா இருக்கும்" என்று. அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு ராகம் போய்விடுகிறது.

இத்தனையும் தாண்டி வினோதமாக ஏதாவது பிழைத்திருந்தால் அதைத் திருத்தச் சுற்று பார்த்துக்கொள்ளும். முன்பு குறிப்பெழுதி, பிரதியெடுத்து, எல்லோரும் ஒரே அறையில் வாசித்து, அந்த கால்ஷீட்டுக்குள் பதிவு முடிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் மொத்தத்தையும் திரும்ப வாசிக்க வேண்டும், அதற்குச் செலவு. அதனாலேயே பல விசித்திரங்கள் தப்பின. 'சிந்து பைரவி'யில் (1985) 'கலைவாணியே' பாட்டைக் கல்யாணி ராகத்தின் ஆரோகணத்தில் (ஏறுவரிசை) மட்டுமே இளையராஜா அமைத்தார், அவரோகணமே (இறங்குவரிசை) கிடையாது. அப்படிச் செய்யச் சொல்லி எந்தக் கதையும் கேட்டிருக்காது. இன்று பதினான்காவது வெர்ஷன் வாட்ஸாப்பில் போகிறது. தயாரிப்பாளர், நாயகன், ஆடியோ கம்பெனி என்று ஆளாளுக்கு ஒரு கருத்து. யாரும் "இதை மொண்ணையாக்கு" என்று சொல்வதில்லை. ஒருவர் தயங்கும் இடத்தை எடுத்துவிடுகிறார்கள், அடுத்தவர் தயங்கும் இடத்தையும் எடுத்துவிடுகிறார்கள். மியூட் அழுத்துவதற்குக் காசு ஆவதில்லையே.

இதில் இசையமைப்பாளர் கையில் இருப்பவை சில உண்டு. ஒப்பந்தத்தில் 'லைவ் செலவு தனி' என்று ஒரு வரி சேர்த்து, வாத்தியக்காரர் சம்பளத்தைத் தயாரிப்பு நேரடியாகக் கொடுக்கும்படி செய்வது முதல் வேலை. பாதிப் பயம் அதில் தீரும். படப்பிடிப்புக்கு முன்பே பியானோவிலோ ஹார்மோனியத்திலோ இரண்டு மூன்று கருக்களை வாசித்து எடிட்டரிடம் கொடுத்துவிட்டால் டெம்ப் அதுவாகவே இருக்கும், இயக்குநரின் காது அதற்கே பழகும். திருத்தத்துக்கு இரண்டு சுற்று என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும், கருத்து ஒரே ஆளிடமிருந்து வர வேண்டும். குரலைத் திருத்தும்போது தானியங்கி முறையை அணைத்துவிட்டு குரலைக் கோடாக வரைந்து காட்டும் கிராஃப் முறையில் ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். நீண்டு நிற்கும் ஸ்வரத்தின் முடிவை மட்டும் தொடுங்கள், வளைந்து செல்லும் கோட்டைத் தொடாதீர்கள். திருத்தாத டேக்கை வேறு பெயரில் சேமித்து வைத்துவிட்டு, மறுநாள் காலையில் திரையைப் பார்க்காமல் இரண்டையும் கேளுங்கள்.