டேஞ்சன்ட் கால்வனோமீட்டரோடு மூன்று வாரம்

பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில், டேஞ்சன்ட் கால்வனோமீட்டர் என்ற ஒரே கருவியிடம் நான் இரண்டு முறை தோற்றேன். முதல் தோல்வி என் அவசரத்தால் வந்தது. இரண்டாவது தோல்வியின்போது அளவீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தியிருந்தன. விடை மட்டும் தவறாக இருந்தது. பாம்பனை ஒட்டிய எங்கள் கிராமத்திலிருந்து பேருந்தில் போய்ப் படித்த காலத்து அனுபவம் இது. அந்தக் கருவி இன்னும் பல பள்ளி ஆய்வகங்களின் மேசைகளில் இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

கருவியின் அமைப்பு எளிமையானது. செங்குத்தாக நிற்கும் வட்டச் சட்டத்தில் காப்பிட்ட தாமிரக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். 2, 5, 50 என்று வேண்டிய சுற்றுகளைத் தேர்ந்துகொள்ளலாம். சட்டத்தின் மையத்தில் உள்ள திசைகாட்டிப் பெட்டிக்குள் ஒரு சிறு காந்த ஊசியும், அதற்குக் குறுக்கே ஒட்டிய நீண்ட அலுமினியக் குறிமுள்ளும், அடியில் ஒரு கண்ணாடியும் இருக்கும். முள்ளும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றின் மேல் ஒன்று மறையும்படி கண்ணை நேர் மேலே வைத்துப் பார்த்தால்தான் கோணம் சரியாகத் தெரியும். மின்னோட்டம் இல்லாதபோது ஊசி புவியின் காந்தப்புலத்துக்குக் கட்டுப்பட்டு வடக்கு தெற்காக நிற்கிறது. மின்னோட்டம் பாய்ந்ததும் சுருளின் மையத்தில், சுருளின் தளத்துக்குச் செங்குத்தாக இன்னொரு புலம் உண்டாகிறது. இரண்டு புலங்களும் இழுக்க, ஊசி நடுவில் ஏதோ ஒரு கோணத்தில் அமைதி கொள்கிறது. சுருளின் புலத்தைப் புவிப்புலத்தின் கிடைத்தளக் கூறால், அதாவது தரைக்கு இணையாக இருக்கும் அதன் பகுதியால், வகுத்தால் வருவதுதான் அந்தக் கோணத்தின் டேஞ்சன்ட். மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகில் காந்த ஊசி திரும்புவதை 1820-இல் கோபன்ஹேகனில் டென்மார்க் இயற்பியலாளர் அயர்ஸ்டெட் கண்டார். அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, அதிலிருந்து புவிப்புலத்தின் கிடைத்தளக் கூறைக் கணக்கிடுவதே எங்களுக்குத் தரப்பட்ட வேலை.

எங்கள் கருவியில் 5 சுற்றுகளை எடுத்துக்கொண்டோம். ஆரம் 8 சென்டிமீட்டர். இந்த அளவுகளுக்கு 1 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால் மையத்தில் உண்டாகும் புலம் ஏறக்குறைய 39 மைக்ரோடெஸ்லா. எங்கள் கடற்கரையில் புவிப்புலத்தின் கிடைத்தளக் கூறு சுமார் 40 மைக்ரோடெஸ்லா என்பதால், முள் 45 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக நிற்க வேண்டும். இது பிற்பாடு நான் போட்ட கணக்கு. அப்போது எனக்குச் சூத்திரம் மட்டும்தான் தெரியும். எந்த விடை வர வேண்டும் என்ற மதிப்பீடு இல்லாமல் மேசைக்குப் போனதுதான் என் அடிப்படைத் தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் நாள் 1 ஆம்பியருக்கு ஒரு பக்கம் 41 டிகிரியும், திசைமாற்றியைத் திருப்பி மின்னோட்டத்தை எதிர்த்திசையில் பாயவிட்டபோது மறுபக்கம் 33 டிகிரியும் வந்தன. பெட்டியை மட்டும் சுழற்றி முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்திவிட்டு, சுருள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று கவனிக்காமல் விட்டிருந்தேன். முதலில் கருவி முழுவதையும் திருப்பிச் சுருளின் தளத்தை ஊசிக்கு இணையாக்க வேண்டும். அதன் பிறகே பெட்டியைச் சுழற்றிப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். வரிசை மாறினால் இரண்டு புலங்களும் செங்குத்தாக இருக்காது, டேஞ்சன்ட் விதியும் பொருந்தாது. சார் அதைச் சுட்டிக்காட்டியதும் திருத்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் இரு பக்கமும் அச்சு அசலாக ஒத்துப்போயின. 0.8 ஆம்பியருக்கு 31 டிகிரி, 1 ஆம்பியருக்கு 37, 1.2 ஆம்பியருக்கு 42. மூன்றிலிருந்தும் கணக்கிட்ட விடைகள் 52 மைக்ரோடெஸ்லாவை ஒட்டியே வந்ததால், மிகுந்த மகிழ்ச்சியோடு நோட்டை நீட்டினேன். சார் விடையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மறுபடி செய்யுமாறு எழுதிவிட்டார். பக்கத்து மேசைத் தோழிக்கு 40 வந்திருந்தது. நூலைச் சுற்றிச் சுருளின் சுற்றளவை மீண்டும் அளந்தேன், முனைகளை உப்புத்தாளால் தேய்த்து இணைப்புகளை மாற்றினேன், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரின் பூச்சியப் பிழையைப் பார்த்தேன். மறுபடியும் 52 தான் வந்தது.

அந்த வாரக் கடைசியில் வீட்டில் ஒரு ஆணியில் கம்பி சுற்றி மின்காந்தம் செய்து பார்த்தேன். மோட்டார் வைண்டிங் கடையில் கழித்துப் போட்ட தாமிரக் கம்பி அது. மேலே பூசியிருக்கும் எனாமலைப் பிளேடால் சுரண்டாமல் இணைத்துவிட்டு, ஆணி எதையும் இழுக்கவில்லையே என்று அரை மணி நேரம் திகைத்தேன். சுரண்டியதும் குண்டூசிகள் கொத்தாக ஒட்டின. இணைப்பை எடுத்ததும் உதிர்ந்தன. ஆணியை எடுத்துவிட்டு அப்பாவின் தூண்டில் முள் ஒன்றைச் சுருளுக்குள் வைத்து எடுத்தபோது, மின்னோட்டம் நின்ற பிறகும் அது குண்டூசியை விடவில்லை. தேனிரும்பு எளிதில் காந்தமாகி எளிதில் அதை இழந்துவிடும், எஃகு பிடித்துவைத்துக்கொள்ளும் என்று பாடத்தில் வரும் காந்தத் தேக்குத்திறன் (மின்னோட்டம் நின்ற பிறகும் தங்கும் காந்தத்தின் அளவு), காந்த நீக்குத்திறன் (அதை நீக்கத் தேவைப்படும் எதிர்ப்புலம்) ஆகிய இரண்டும் அன்று தூண்டில் முள்ளின் வழியாகவே எனக்குப் பிடிபட்டன.

அந்த முள் காந்தமாகிவிட்டதைக் காட்டுவதற்காக வள்ளத்துக்குக் கொண்டுபோனேன். அப்பா நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார்: “காம்பஸ்கிட்ட அதக் கொண்டாராத, தாயி.” ஜி.பி.எஸ். வந்த பிறகும் அவர் அந்தப் பழைய காம்பஸை விடவில்லை. பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரை யாராவது அதன் பக்கத்தில் வைத்தால், வாடைக் காற்றில்கூட வராத கோபம் அவருக்கு வந்துவிடும். ஸ்பீக்கருக்குள் நிலைக்காந்தம் இருக்கிறது. அது அருகில் இருந்தால் ஊசி வடக்கைக் காட்டாது, வடக்கும் காந்தமும் சேர்ந்து இழுக்கும் ஏதோ ஒரு திசையைக் காட்டும். இதைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்திருந்தும், ஆய்வக மேசையில் கால்வனோமீட்டரை ஒட்டி ஒரு சாண் தூரத்தில் அம்மீட்டரை வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இயங்கு சுருள் அம்மீட்டர் என்றாலே அதற்குள் ஒரு நிலைக்காந்தம் உண்டு.

திங்கட்கிழமை மின்கலத்தை இணைக்காமலேயே அம்மீட்டரை மட்டும் கையில் எடுத்துக் கால்வனோமீட்டரைச் சுற்றி மெதுவாக நகர்த்தினேன். குறிமுள் அதோடு சேர்ந்து அசைந்தது. நான் வழக்கமாக வைத்த இடத்தில் அம்மீட்டரின் காந்தப்புலம் புவிப்புலத்தோடு ஏறக்குறைய ஒரே திசையில் கூடியிருக்கிறது. அந்தக் கூட்டுப்புலத்துக்கு ஏற்பவே ஊசி நின்றதால், சுருளையும் அதற்கு இணையாகவே வைத்திருந்தேன். ஆகையால்தான் இடமும் வலமும் பிசகாமல் ஒத்துப்போயிருக்கின்றன. இடவலச் சராசரி எடுப்பது சுருளைத் தவறான திசையில் வைத்த பிழையைப் பெரும்பாலும் நீக்கிவிடும். அசையாமல் பக்கத்தில் கிடக்கும் ஒரு காந்தத்தை அது காட்டிக்கொடுக்காது. நீண்ட கம்பிகளைப் போட்டு அம்மீட்டரையும் மின்தடை மாற்றியையும் மேசையின் மறுகோடிக்குத் தள்ளினேன். 1 ஆம்பியருக்கு முள் 44 டிகிரியைத் தாண்டி நின்றது.

தேர்வில் எனக்கு அதே சோதனைதான் வந்தது. கோணங்கள் 30-க்கும் 60-க்கும் இடையில் இருக்கும்படி மின்னோட்டத்தை ஏன் அமைத்தாய் என்று புறத்தேர்வாளர் கேட்டார். ஒரு டிகிரி பிசகாகப் படித்தால் 45 டிகிரியில் விடையில் சுமார் 3.5 சதவீதப் பிழை வரும், 75 டிகிரியில் அது 7 சதவீதமாகிவிடும் என்று சொன்னேன். சென்னையில் செய்தால் என்ன மாறும் என்பது அடுத்த கேள்வி. தென் தமிழகம், புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகவே இருக்கும் காந்த நடுவரையை ஒட்டியிருக்கிறது; அதை ஆராய்வதற்கென்றே திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இயங்குகிறது. எங்கள் கரையில் சரிவுக்கோணம், அதாவது புவிப்புலம் கிடைத்தளத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம், சில டிகிரிகள்தான், சென்னையில் சுமார் 14 டிகிரி. ஆகவே கிடைத்தளக் கூறு பெரிதாக மாறாது, செங்குத்துக் கூறுதான் கூடும் என்றேன். காந்தத் துருவத்தில் இந்தக் கருவி எதற்கும் உதவாது, அங்கே கிடைத்தளக் கூறே இல்லாததால் சிறு மின்னோட்டத்துக்கும் முள் 90 டிகிரிக்குப் போய்விடும் என்று அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் தலையசைத்துவிட்டு, மேசையின் மறுகோடியில் இருந்த அம்மீட்டரைக் காட்டி, அளவைப் படிக்க ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் எதற்காக நடக்கிறாய் என்று கேட்டார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் எதிர் மேசைப் பையன் தன் அம்மீட்டரைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.