டாம்கேட்டில் டீபக்கரை இணைத்த அனுபவம்

எங்கள் ஜாவா வலைச் செயலியில், நெரிசலான நேரங்களில் மட்டும் ஒருவரின் கோரிக்கைக்கு வேறொருவரின் மொத்தத் தொகை பதிலாக வந்துகொண்டிருந்தது. லாக் வரிகளைச் சேர்ப்பதும் மறுபடி டிப்ளாய் செய்வதுமாக இரண்டு நாள்கள் போன பிறகு, டாக்கர் கன்டெய்னருக்குள் (செயலியைத் தனித்து ஓட்டும் பெட்டி போன்ற சூழல்) ஓடும் டாம்கேட் என்ற ஜாவா வலை சர்வரில், எக்லிப்ஸ் என்ற நிரலெழுதும் கருவியின் டீபக்கரை (ஓடும் நிரலை இடையில் நிறுத்தி ஆராய உதவும் பகுதி) இணைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

டாம்கேட்டின் தொடக்க ஸ்கிரிப்டை ‘ஜேபிடிஏ’ (ஜாவாவின் டீபக் வசதி) என்ற சொல்லுடன் இயக்கினால் டீபக் வாயில் திறந்துவிடும். முகவரிக்கான சூழல் மாறியில், முன்பு ஜாவா 8-இல் பயன்படுத்திய அதே 8000 என்ற போர்ட் எண்ணை மட்டும் கொடுத்தேன். வாயில் திறந்திருப்பதாக லாக் சொன்னது. கன்டெய்னரின் போர்ட்டையும் வெளியே திறந்துவிட்டிருந்தேன். ஆனால் எக்லிப்ஸ் இணைய முயன்ற மறுகணமே தொடர்பு அறுந்தது. ஃபயர்வாலைச் சந்தேகித்து அரை நாளை வீணாக்கிய பிறகே, கன்டெய்னருக்குள் நுழைந்து எந்த முகவரியில் போர்ட் காத்திருக்கிறது என்று பார்த்தேன்: 127.0.0.1:8000. ஜாவா 9 முதல், போர்ட் எண்ணை மட்டும் கொடுத்தால் அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளே ஏற்கப்படும். நாங்களோ அண்மையில்தான் ஜாவா 11-க்கு மாறியிருந்தோம். எண்ணுக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் முக்காற்புள்ளியும் சேர்த்து ‘*:8000’ என்று எழுதியதும் இணைப்பு நிலைத்தது.

இந்த வாயிலுக்குக் கடவுச்சொல் கிடையாது என்பதையும், இதை எட்ட முடிந்த எவரும் அந்தச் செயலிக்குள் தாம் விரும்பிய குறிநிரலை இயக்க முடியும் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதனால் டாக்கர் போர்ட்டை என் கணினியின் 127.0.0.1 முகவரியோடு மட்டும் பிணைத்தேன். தொலைவிலுள்ள சர்வர் என்றால் எஸ்எஸ்ஹெச் (மறையாக்கம் செய்த இணைப்பு) சுரங்க வழியாகத்தான் இணைய வேண்டும்.

அடுத்து, பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்க வேண்டிய வரியைக் குறிக்கும் அடையாளம்) வைத்தபோது, கம்பைல் செய்யப்பட்ட கிளாஸ் கோப்பில் வரி எண் விவரம் இல்லாததால் அதை நிறுவ முடியவில்லை என்று எக்லிப்ஸ் தெரிவித்தது. எங்கள் பில்ட் (மூல நிரலைச் செயலியாகக் கட்டும் வேலை) ஆன்ட் என்ற கருவி மூலம் நடக்கிறது. அதில் கம்பைல் செய்யும் ஜாவாசி பணியில் ‘டீபக்’ பண்பு இயல்பாகவே அணைந்திருக்கும். அதை ‘ஆன்’ ஆக்கி, முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிதாகக் கம்பைல் செய்து, புதிய டாக்கர் இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) ஏற்றிய பிறகு குறித்த வரியில் நின்றது; உள் மாறிகளும் தத்தம் பெயர்களோடு தெரிந்தன.

எக்லிப்ஸ் இயல்பாக, பிரேக்பாயிண்டை எட்டிய அந்த ஒரு திரெட்டை (ஒரு கோரிக்கையை நடத்தும் தனி இழை) மட்டுமே நிறுத்தும் என்பதுதான் இங்கே பேருதவியாக இருந்தது. முதல் கோரிக்கை, தொகையைக் கணக்கிட்டு முடித்த வரியில் நின்றிருந்தது. ‘மொத்தம்’ என்ற புலத்தில் (ஆப்ஜெக்டில் மதிப்பு சேமிக்கப்படும் இடம்) 450 இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, பிரேக்பாயிண்டை முடக்கி, வேறொரு பயனராக இரண்டாவது கோரிக்கையை அனுப்பினேன். பிறகு முதல் திரெட்டை ஓர் அடி நகர்த்தியபோது, அதே புலம் 1,200 என்று காட்டியது. கோரிக்கைகளைக் கையாளும் சர்வ்லெட் என்ற கிளாஸுக்கு ஒரே ஓர் ஆப்ஜெக்ட்தான் உருவாகிறது. அதன் புலங்களை எல்லாத் திரெட்டுகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் முழுவதையும் நிறுத்தும்படி அமைத்திருந்தால், இரண்டாவது கோரிக்கை நகர்ந்தே இருக்காது, தவறும் கண்ணில் பட்டிருக்காது.

அந்தப் புலத்தை மெத்தடுக்குள் இருக்கும் உள் மாறியாக மாற்றி, இதே சோதனையை மறுபடி செய்தேன். 450 மாறாமல் நின்றது. உற்பத்திச் சூழலுக்கான இமேஜில் ‘ஜேபிடிஏ’ என்ற சொல் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டே அதை அனுப்பினேன்.