மூன்று அடி, அப்புறம் ஒரு நிறுத்தம்: பேஸ் கிட்டாரோடு எட்டு மாதம்

எட்டு மாதத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு நாலு கம்பி பேஸ் கிட்டார், அதாவது பாட்டின் கீழ்ச் சுரங்களை வாசிக்கும் கிட்டார், வாங்கினேன். ஸ்கேல், தியரி எல்லாம் பின்னால் வரட்டும், வருடக்கணக்காக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ராக் பேஸ் லைன்களை ஒவ்வொன்றாக எடுத்து, ரெக்கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படி வரும் வரை விடக்கூடாது என்று வாங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இதுவரை ஆறு பாட்டைத் தொட்டிருக்கிறேன். மூன்று கைக்கு வந்திருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் எனக்கு இரண்டு வாரம் போனது. ஃபோன் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு பேஸைப் பிடிக்க முடியாது. பேஸின் தடித்த இ (E) கம்பி நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது, அவ்வளவு கீழே இருக்கும் ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கர் வெளியே விடாது, நமக்குக் கேட்பது அதன் மேல் சுரங்கள்தான். ஒரு சுமாரான ஹெட்ஃபோன் போட்டதும், இருபது வருடமாகக் கேட்ட பாட்டுகளில் கீழே இன்னொருவர் வாசித்துக்கொண்டிருந்தது அன்றுதான் முழுதாகக் காதில் விழுந்தது.

எல்லோரையும் போல 'செவன் நேஷன் ஆர்மி'யில் தொடங்கினேன். ஏழே சுரம், ஒரே கம்பியில் வாசித்துவிடலாம், ஒரு மாலையில் வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு வாசித்தாலும் ரெக்கார்டில் இருக்கும் அந்த ஒலியின் நிறம் வரவில்லையே என்று தேடிப்பார்த்தால், அது பேஸே இல்லை! அந்தப் பாட்டைப் போட்ட ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவில் பேஸ் வாசிக்க ஆளே இருந்ததில்லை, ஜாக் ஒயிட்டும் மெக் ஒயிட்டும் மட்டும்தான். ஜாக் ஒயிட் சாதாரண கிட்டாரை வாமி என்கிற, காலால் மிதிக்கும் பெடல் வழியாக ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசித்திருக்கிறார். 2003-இல் வந்த அந்த ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்ன வரியை, இன்று கால்பந்து மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் வார்த்தையில்லாமல் பாடுகிறார்கள், பேஸ் கற்கிற எல்லோரும் முதல் பாடமாக எடுக்கிறார்கள். சரி, கை பழக நல்ல பாட்டு. அடுத்ததற்குப் போனேன்.

அடுத்தது குவீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. 1980. எழுதியதும் பேஸ் வாசித்ததும் ஜான் டீக்கன். இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணமே இந்தப் பாட்டுதான். சுரங்களைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திறந்த இ கம்பியில் மூன்று அடி, ஒரு இடைவெளி, அப்புறம் அந்தச் சின்னச் சுழற்சி. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 110 அடியில் வைத்து வாசித்தேன், தாளம் தப்பவில்லை, சுரம் தப்பவில்லை. ஃபோனில் பதிவு செய்து கேட்டால் அது அந்தப் பாட்டாகவே இல்லை. ஏதோ சோர்ந்துபோய் இழுத்துக்கொண்டு நடப்பது போல இருந்தது.

நாலு நாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. டீக்கனுடைய மூன்று அடியும் வெட்டி வைத்தது போல நிற்கின்றன. என்னுடையவை நிற்கவில்லை, மூன்றாவது இ அடங்காமல் இடைவெளிக்குள் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பாட்டில் டிரம்ஸும் எதிரொலியே இல்லாத வறண்ட அடி, அதனால் அந்த இடைவெளியை மூடி மறைக்க வேறு எதுவும் இல்லை. காலியாக இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால்தான் அடுத்த அடிக்கு உடம்பு தானாக முன்னே சாய்கிறது.

ஃப்ரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தின் உலோகக் கோடுகளுக்கு நடுவே, அழுத்திய சுரம் என்றால் விரலை லேசாகத் தளர்த்தினால் போதும், ஒலி நின்றுவிடும். திறந்த கம்பியில் தளர்த்த விரலே இல்லையே! அடித்த அடுத்த கணம் இடது கை விரல்களைப் படுக்கை வசமாகக் கம்பி மேல் வைக்க வேண்டும், அழுத்தவும் கூடாது, அழுத்தினால் வேறு சுரம் முனகும். ஒரே விரலை வைத்தால் சில இடங்களில் மணி மாதிரி ஒரு ஒலி கிளம்பும், அதனால் இரண்டு மூன்று விரல் சேர்த்து வைக்க வேண்டும். வலது கையில் அடுத்து அடிக்கப்போகும் விரலை முன்கூட்டியே கம்பியில் கொண்டுபோய் வைத்தும் நிறுத்தலாம். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். வேகத்தை 60-க்கு இறக்கி, தினமும் அரை மணி நேரம், வேறு எதுவும் வாசிக்காமல் அந்த மூன்று அடியையும் ஒரு நிறுத்தத்தையும் மட்டும். மூன்று வாரம் ஆனது. மனைவி ஒரு நாள் சமையலறையிலிருந்து தலையை ஆட்டிக்கொண்டே வந்தபோதுதான் வந்துவிட்டது என்று தெரிந்தது. அதுவரை அவளுக்கு நான் என்ன வாசிக்கிறேன் என்றே தெரியாது.

அதற்கப்புறம் எந்த பேஸ் லைனைக் கேட்டாலும் சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைவிட எங்கே முடிகிறது என்றுதான் காது போகிறது.

பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தது. 1973-இல் ரோஜர் வாட்டர்ஸ் எழுதியது, ஏழு எண்ணிக்கையில் ஓடும் ராக் பாட்டு. ஆங்கிலத்தில் ஒன்று இரண்டு என்று ஏழு வரை எண்ணி எண்ணித் தடுமாறினேன். சின்ன வயதில் இரண்டு வருடம் மிருதங்கம் கற்றிருக்கிறேன், அந்தச் சொற்கட்டு இப்போது கைகொடுத்தது: தகிட தகதிமி. முதல் மூன்று அடிக்குள் கீழ் பி, மேல் பி, எஃப் ஷார்ப், மறுபடி கீழ் பி. அடுத்த நாலு அடியில் இன்னும் கீழே இருக்கும் எஃப் ஷார்ப்பில் இறங்கி, அங்கிருந்து ஏ, பி, டி என்று படியேறுகிறது. மூன்றும் நாலும் அப்படியே பொருந்தி உட்கார்ந்துவிட்டது. அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இரண்டாவது அடி மட்டும் சமமாக உடையாமல் கொஞ்சம் ஊசலாடி உடைகிறது, அதை எண்ணக்கூடாது, பாடிப் பார்க்க வேண்டும். கிட்டார் சோலோ வரும்போது பாட்டு நாலு எண்ணிக்கைக்குத் தாவுகிறது. அந்தத் தாவலில் இன்னமும் பாதி நாள் விழுந்துகொண்டிருக்கிறேன்.

யூ டூ குழுவின் 'வித் ஆர் வித்தவுட் யூ' பற்றி இரண்டு வரி. 1987, பேஸ் வாசித்தவர் ஆடம் கிளேட்டன். டி, ஏ, பி, ஜி, நாலே சுரம், கிட்டத்தட்ட ஐந்து நிமிடம். சுலபம் என்று நினைப்பவர்கள் பாட்டோடு சேர்த்து முழுதாக ஒரு முறை வாசித்துப் பார்க்கட்டும். மேலே குரலும் கிட்டாரும் பொங்கும்போது நம் கையும் சேர்ந்து வேகமெடுக்கும், அதைப் பிடித்து வைப்பதுதான் முழு வேலையும்.

மனசுக்கு மிகவும் பிடித்தது லூ ரீடின் 'வாக் ஆன் த வைல்ட் சைட்'. 1972. வாசித்தவர் ஹெர்பி ஃப்ளவர்ஸ், கூலிக்கு வந்து வாசித்துவிட்டுப் போகும் ஸ்டுடியோ கலைஞர். அந்த வழுக்கிச் செல்லும் ஒலி ஒரு பேஸ் இல்லை, இரண்டு. நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் கீழே ஒரு வரி, அதற்கு மேல் எலெக்ட்ரிக் பேஸில் இன்னொரு வரி. இரண்டு வாத்தியம் வாசித்தால் அன்றைய வழக்கப்படி அவருக்கு இரட்டைச் சம்பளம் என்பது பின்னால் அவரே சொன்ன விஷயம். என்னிடம் டபுள் பேஸ் இல்லை. ஸி-யிலிருந்து எஃப்-க்கும் மறுபடி ஸி-க்கும் வழுக்கி வாசித்து ஃபோனில் பதிவு செய்துகொண்டேன், அதை ஓடவிட்டு மேலே இ-யிலிருந்து ஏ-க்கு வழுக்கினேன். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுக்க இதிலேயே போனது, இருபது முறையில் ஒரு முறை சேர்ந்தது, சேர்ந்த அந்த ஒரு முறை அறையே கொஞ்சம் அகலமானது போல இருந்தது. பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது மியூஸ் குழுவின் 'ஹிஸ்டீரியா', 2003. பேஸ் வாசித்தவர் கிறிஸ் வோல்ஸ்டன்ஹோம். இதில் நிறுத்தமே கிடையாது, ஓர் அடிக்கு நாலு சுரம் வீதம் மூச்சு விடாமல் ஓடுகிறது, ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது முந்தைய கம்பி அடங்க வேண்டும். அதாவது அதே மூன்று வாரப் பாடம்தான், இடைவெளி மட்டும் கண்ணிமைக்கும் நேரமாகச் சுருங்கிவிட்டது. பாட்டின் வேகம் 94 அளவில் இருக்கிறது. நான் 68-இல் இருக்கிறேன், 72-க்குப் போனால் மோதிர விரல் பின்தங்குகிறது, முன்கை இறுகுகிறது. இறுகியதும் நிறுத்திவிடுகிறேன், வலியோடு வாசிப்பதில்லை. வாரத்துக்கு இரண்டு எண் கூட்டுவது என்று வைத்திருக்கிறேன். யாராவது இந்தப் பாட்டை முழு வேகத்தில் விரலால் வாசிப்பவர்கள் இருந்தால், கம்பி தாண்டும் இடத்தில் வலது கட்டைவிரலை எங்கே வைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். நான் இப்போது அதை இ கம்பி மேலேயே சாய்த்து வைத்துப் பார்க்கிறேன்.