மூட்டை நிறையச் சுணை, உள்ளே அரிசி எவ்வளவு?

போன வாரம் ஒருவர் போன் பண்ணினார். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கியாச்சுங்க, நிலம் வெறுமனே கிடக்குது, ஐம்பது கிலோ கொழுக்கட்டைப் புல் விதை வேணும், மழைக்கு முன்னாடி பத்து நாளில் அனுப்ப முடியுமா என்றார். கொழுக்கட்டை என்பது மாடும் ஆடும் மேயும் புல், அதன் விதையைத்தான் நான் விற்கிறேன். என்னிடம் இருந்ததே பதினெட்டு கிலோ. அதிலும் ஏழு கிலோ இந்த ஆடியில் கதிரிலிருந்து உருவியது, அது இப்போது முளைக்காது. "விதை இருக்குதுங்கறீங்க, முளைக்காதுங்கறீங்க, என்னங்க கணக்கு இது?" என்று சிரித்தார்.

அதே கேள்வியை முதல் வருடம் நானே கேட்டிருந்தால் ஒரு வாடிக்கையாளரை இழந்திருக்க மாட்டேன். ஆடியில் உருவியதைப் புரட்டாசியில் விற்றேன். நல்ல மழை, ஒரு முளை இல்லை. ஏமாற்றுக்காரன் என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. கொழுக்கட்டைப் புல் விதை அறுத்தவுடன் தூங்கும். ஆறு மாதம், சிலசமயம் ஒரு வருடம் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். அடுத்த வருட மழைக்கு அதே காட்டில் அங்கங்கே புல் வந்ததாம், இன்னொருவர் மூலமாகத்தான் தெரிந்தது. அவர் இன்றுவரை என்னிடம் வாங்கவில்லை.

எங்கள் ஊர் தாராபுரம் பக்கம். கொறங்காடு தெரிந்தவர்களுக்கு இந்தப் புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டை, இடையில் நரிப்பயறு, மேய்வதற்குக் காங்கயம் மாடும் செம்மறியும். மழையை மட்டும் நம்பி நிற்கும் மேய்ச்சல் காடு. கதிர் விட்டு விதை கொட்டுவதற்கு முன்பே ஓட்டி ஓட்டி மேய்த்தால் நாலைந்து வருடத்தில் புல் போய்விடும், அப்புறம் சீமைக்கருவேலம் உள்ளே வரும். அதைப் பிடுங்குவதற்கு இருக்கிற வேகம் பிடுங்கிய இடத்தில் என்ன போடுவது என்பதில் யாருக்கும் இல்லை. வெறும் தரையாக விட்டால் மண்ணில் கிடக்கும் கருவேல விதைதான் முதலில் முளைக்கும்.

அதனால் ரெண்டு ஏக்கரை விதைக்கென்றே விட்டேன். பக்கத்துக் காட்டில் கண்வலிக்கிழங்கு, அந்த விதைக்கு வரும் விலையைக் கேட்டால் என் புல் விதை கூனிக் குறுகிவிடும். புல்லை விற்கிறானாம் என்று டீக்கடையில் பேச்சு வேறு.

இதில் பெரிய தலைவலி அறுப்பு. ஒரே கதிரில் நுனி பழுத்து உதிரும்போது அடி பச்சையாக இருக்கும், பக்கத்துத் தூரில் அப்போதுதான் பூ வந்திருக்கும். மொத்தமாக அறுக்க வழியில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை போய்க் கையால் உருவ வேண்டும். கோடை மழைக்கு வந்த கதிர் ஆடியில் பழுக்கும், எங்கள் ஊர் ஆடிக்காற்று எப்படி என்று இங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தால் தெரியும். ஒரு நாள் தள்ளிப் போட்டால் பாதி விதை பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும்.

உருவியது எல்லாம் விதையும் இல்லை. சுணையோடு பஞ்சு மாதிரி இருக்கும் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒரு அரிசி, அதாவது முளைக்கிற மணி, இருக்கலாம், ரெண்டு இருக்கலாம், வெறும் பொக்காகவும் இருக்கலாம். எடை போட்டு விற்கும்போது சுணைக்கும் சேர்த்துத்தானே காசு? அதனால் மூட்டைக்கு நூறு உருண்டை எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதி, அரிசியை எண்ணி வாங்குபவரிடம் சொல்லிவிடுவேன். விலை குறைத்துக் கேட்பார்கள், கேட்கட்டும்.

வெள்வேல விதை எவ்வளவோ மேல். கோடையில் காயை ஆட்டுக்குப் போட்டு, அப்புறம் பட்டியைக் கூட்டினால் போதும். வயிற்றுக்குள் போய் வந்த விதைக்குத் தோல் இளகியிருக்கும், சீக்கிரம் முளைக்கும்.

நீலகிரியில் புல்வெளிக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை. அங்கே இருக்க வேண்டிய புல் வேறு. எங்கள் ஊரில் மாட்டைக் காப்பாற்றும் இதே புல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் கொண்டுபோய் விதைத்த பிறகு அடங்காமல் பரவி, காய்ந்ததும் தீப்பிடித்து அந்த ஊர்ச் செடிகளை அழிக்கிறது.

சரி, போன் பண்ணியவர் கதை. பழைய விதை பதினொரு கிலோவை அனுப்பினேன், ஏக்கருக்கு இரண்டரை, மூன்று கிலோ என்று நாலு ஏக்கருக்கு வரும். சுணை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கையிலிருந்து விழாது, ஈர மணலோடு பிசைந்து தூவுங்கள், மேலே முள் கொத்தை இழுத்தால் போதும், ஆழமாகப் போனால் வராது, முதல் வருடம் ஒரு ஆடுகூட உள்ளே போகக்கூடாது என்று சொன்னேன். மீதி ஏழு கிலோவையும் பாதி விலைக்குக் கொடுங்க, நானே வெச்சுக்கறேன் என்றார். சாக்கின் மேல் 'ஆடியில் உருவியது, அடுத்த வருடப் புரட்டாசி வரை பிரிக்க வேண்டாம்' என்று மார்க்கரில் எழுதினேன். கீழே இடமிருந்தது, 'எலி பத்திரம்' என்றும் எழுதி வைத்தேன்.