பழைய லேப்டாப்பில் கச்சேரி வீடியோ திக்காமல் ஓட

அப்பா கச்சேரி பார்ப்பது 2011 மாடல் லேப்டாப் ஒன்றில். இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. போன மாதம் தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டுக் காட்டினார்: மிருதங்கச் சத்தம் முதலில் வருகிறது, கை அப்புறம்தான் விழுகிறது. தாளம் போட்டுக்கொண்டு கேட்கிற மனிதருக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

ரேம் கூட்டச் சொல்வார்கள். ஆனால் சிக்கல் அங்கே இல்லை. 1080பி வீடியோவில் ஒரு ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள், நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 6 கோடிக்கு மேல். சுருக்கி வைத்த அந்தப் படத்தை விரிப்பதற்கென்றே கிராஃபிக்ஸ் சிப்புக்குள் ஒரு தனிப் பகுதி இருக்கிறது. இந்தத் தலைமுறை சிப்புக்கு எச்.264 என்ற கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) தெரியும், பின்னால் வந்த விபி9, ஏவி1, எச்இவிசி எதுவும் தெரியாது. தெரியாத கோடெக் வந்தால் மொத்த வேலையும் பிராசசர் தலையில் விழும், அது திணறினால் படம் சத்தத்துக்குப் பின்தங்கும்.

யூடியூப் வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்து பாருங்கள். கோடெக் பெயரும், எத்தனை ஃப்ரேம் விடுபட்டன என்ற கணக்கும் அதிலேயே இருக்கும். அப்பாவின் கச்சேரி விபி9-இல் வந்துகொண்டிருந்தது. எச்264ஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டேன், பக்கத்தைத் திரும்ப ஏற்றியதும் அதே வீடியோ எச்.264-இல் வந்தது. அந்த எக்ஸ்டென்ஷனிலேயே 60 ஃப்ரேம் வீடியோக்களைத் தடுக்கவும் வசதி உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். சிப் கைகொடுக்காமல் பிராசசரே விரிக்க நேர்ந்தாலும் எச்.264 சுமை குறைவுதான்.

இன்னொன்று, இந்த லேப்டாப்பின் திரையே 1366-க்கு 768தான். 1080பி அனுப்பினாலும் கடைசியில் சுருக்கித்தான் காட்டும். 720பி வைத்துவிட்டால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, வேலையோ பாதிக்கும் கீழே குறைகிறது.

சரி, டவுன்லோட் செய்து வைத்த கோப்புகளுக்கு எம்பிவி பிளேயர். லேசானது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அது தானாகச் சிப்பின் உதவியைக் கேட்காது. கன்ட்ரோல் கீயோடு எச் தட்டினால்தான் கேட்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஐ தட்டினால் ஹார்ட்வேர் டிகோடிங், அதாவது சிப்பே விரிக்கும் வேலை, நடக்கிறதா என்று திரையிலேயே காட்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. லினக்ஸில் பிளேயர்கள் சிப்பின் உதவியைக் கேட்கும் வழிக்கு விஏ-ஏபிஐ என்று பெயர், இன்டெலுக்கு அதில் இரண்டு டிரைவர்கள் உண்டு. புதியதான ஐஎச்டி, பிராட்வெல் (ஐந்தாம் தலைமுறை) சிப்பிலிருந்துதான் வேலை செய்யும். அதற்கு முந்தைய சிப்புகளுக்கு ஐ965 என்ற பழைய டிரைவர்தான் வேண்டும். இந்த லேப்டாப்பில் புதியது மட்டும் இருந்ததால் எம்பிவி சத்தமில்லாமல் பிராசசருக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஐ965-ஐ நிறுவி, சிப்பால் எந்தக் கோடெக்குகளை விரிக்க முடியும் என்று பட்டியல் போடும் விஏஇன்ஃபோ என்ற கட்டளையை ஓட்டியதும் எச்.264 பட்டியலில் வந்து நின்றது. எதையும் மாற்றுவதற்கு முன்னால் அந்தக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள், நான் அதைக் கடைசியில் செய்தேன்.

இப்போது கையும் சத்தமும் சேர்ந்து விழுகின்றன. அப்பா மூன்று மணி நேரக் கச்சேரியை ஒரே மூச்சில் பார்த்து முடித்தார்.

மீதி இருப்பது, சொந்தக்காரர்கள் போனில் எடுத்து அனுப்பும் எச்இவிசி வீடியோக்கள். அதற்கு இந்தச் சிப்பில் வழியே இல்லை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 720பி எச்.264-ஆக மாற்றப் போட்டுவிட்டு, ஃபேனுக்குக் காற்று போகிற மாதிரி மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போவேன். காலையில் அப்பா காபி குடிக்கும்போது தயாராக இருக்கும்.